காணக்கூடாத கதிருக்கு ஓர் அளவுகோல்



உங்கள் காணிக்கைகளால் நடைபெறும் மருத்துவ ஊழியத்தில் எக்ஸ்ரே அறைக்கு முக்கிய இடமுண்டு. எலும்பு முறிவையும் காசநோயையும் காட்டிக்கொடுக்கும் அதே கதிர், அங்கே நாள்தோறும் பணிசெய்கிறவர்களுக்கு அளவுக்கு மிஞ்சினால் தீங்காகும். அது கண்ணுக்குத் தெரியாது, சுடாது, வலிக்காது. அளந்துதான் அறிய வேண்டும். எப்படி அளக்கிறார்கள் என்பதை இவ்விதழில் படிப்போம்.

ஒளிரும் உப்பு

பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும்போது இடும் வெண்காரத்தை நாம் அறிவோம். அது சோடியம் சேர்ந்த போரேட் உப்பு. சோடியத்தின் இடத்தில் லித்தியம் இருந்தால் அது லித்தியம் போரேட். இதனோடு மிகச் சிறிதளவு மாங்கனீசையோ தாமிரத்தையோ கலந்து பக்குவப்படுத்தினால், கதிரை நினைவில் வைக்கும் தன்மை பெறுகிறது. கதிர் படும்போது அதிலுள்ள எலெக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன. பின்னர் ஆய்வுக்கூடத்தில் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கும்போது அவை விடுபடுகின்றன; மெல்லிய ஒளி பிறக்கிறது. ஒளியின் அளவைக் கொண்டு கதிரின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

போரேட்டின் சிறப்பு

நம் நாட்டில் ஊழியர்கள் மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜில் இருப்பது டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. நன்றாக ஒளிரும். ஆனால் அதன் சராசரி அணு எண் சுமார் 15. நம் உடல் தசைக்கோ சுமார் 7.4. ஆகையால் ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே கதிரை அது தசையைவிட ஏறத்தாழ 10 மடங்கு மிகுதியாகக் காட்டக்கூடும். இதற்காகவே பேட்ஜில் 3 வில்லைகள் உள்ளன: ஒன்று உலோகத் தகட்டின் கீழ், ஒன்று பிளாஸ்டிக்கின் கீழ், ஒன்று திறந்தபடி. மூன்றையும் ஒப்பிட்டு உண்மை அளவைக் காண்கிறார்கள்.

லித்தியம் போரேட்டின் எண் சுமார் 7.3. உடல் எவ்வளவு ஏற்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவே இதுவும் ஏற்கிறது. திருத்தம் அதிகம் தேவையில்லை.

குறைகளும் உண்டு. 1967-ல் வெளிவந்த மாங்கனீசு வகை செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. ஒளியுணரும் குழாய்கள் அந்நிறத்தை நன்கு உணரவில்லை. 1980-ல் ஜப்பானியர் தாமிரம் கலந்து அக்குறையை நீக்கினர். ஈரத்தை இழுக்கும் குணத்தால் போரேட்டைக் கவனமாகக் காக்க வேண்டும். பானாசோனிக் பேட்ஜ் ஒன்றில் போரேட்டும் கால்சியம் சல்பேட்டும் சேர்ந்தே இடம்பெறுகின்றன.

நாம் கற்பது

பேட்ஜ் கதிரைத் தடுப்பதில்லை, பட்டதைச் சொல்கிறது. காப்பது ஈய அங்கியும் தூரமும் குறுகிய நேரமும். நம் நாட்டில் ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 என்பது வரம்பு. பேட்ஜை அங்கிக்கு உள்ளே அணியாமல் மேசையில் விட்டுச்சென்றால், அதன் கணக்கு அந்த மேசையின் கணக்கே. கருவுற்ற சகோதரிக்கு அந்தப் பொய்க் கணக்கு எவ்வளவு ஆபத்து!

தராசும் நிறைகல்லும் உண்மையாயிருக்க வேண்டுமென வேதம் வியாபாரிக்குக் கற்பிக்கிறது. பிறரைச் சுகப்படுத்த உழைக்கும் கைகளுக்கும் அதே உண்மையான அளவு வேண்டும். பேட்ஜுக்கும் ஈய அங்கிக்கும் செல்லும் உங்கள் காணிக்கை அக்கைகளைக் காக்கிறது. எக்ஸ்ரே அறை ஊழியருக்காக ஜெபிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.