பிப்பை வளர்த்த கைகள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்னும் நாவல், 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை அவர் நடத்திய வார இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. அதன் சுருக்கப் பதிப்பையாவது நம்மில் பலர் வாசித்திருப்போம். கதையைச் சொல்லும் பிப் ஓர் அநாதைச் சிறுவன். தாய், தந்தை, ஐந்து சகோதரர்கள் ஆகிய எல்லோரையும் அவன் கல்லறைக் கற்களாகவே அறிவான். ஆயினும் அவனுக்குப் பெற்றோர் இடத்தில் வந்து நிற்பவர்கள்தாம் எத்தனை பேர்! அவர்களுள் எவருடைய அன்பு அவனை உருவாக்கியது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

பிப்பை வளர்ப்பவள் அவனைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த தமக்கை. தன் கையாலேயே வளர்த்தவள் என்று ஊரார் அவளை மெச்சுகிறார்கள். அந்தக் கையின் கனத்தைப் பிப்பும், அவள் கணவர் ஜோவும் நன்கு அறிவர்! உணவும் உடையும் தந்தாள்; தந்ததை நாள்தோறும் சொல்லியும் காட்டினாள்.

ஜோ ஊர்க் கொல்லர், எழுத்தறியாதவர். கிறிஸ்துமஸ் விருந்தில் பெரியவர்கள் மாறி மாறிப் பிப்பைக் குறைகூற, ஜோ ஒன்றும் பேசாமல் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் இறைச்சிக் குழம்பை ஊற்றுகிறார். குறை கூடக் கூடக் குழம்பும் கூடுகிறது. இவ்வளவு வலிமையுள்ள மனிதர் ஏன் வாய் திறந்து தடுக்கவில்லை? எங்கள் வகுப்பில் சிலர் அவரைக் கோழை என்றே கூறினர். ஆனால் காரணத்தை ஜோவே பிப்பிடம் சொல்கிறார். அவருடைய தந்தை குடித்துவிட்டுத் தாயையும் மகனையும் அடித்தவர். தாய் பட்ட துன்பத்தைக் கண்ட ஜோ, ஒரு பெண்ணுக்குத் தீங்கிழைப்பதைவிடத் தாமே பொறுத்துக்கொள்வது மேல் என்று முடிவு செய்துவிட்டார். எனவே அவர் கோழை அல்லர். எனினும் அந்தப் பொறுமையின் விலையில் ஒரு பங்கைச் சிறுவன் பிப்பும் கொடுத்தான் என்பதை மறைப்பதற்கில்லை.

சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்த கைதி ஒருவருக்குப் பிப் வீட்டிலிருந்து உணவு திருடிக் கொடுக்கிறான். அச்சத்தால்தான் கொடுத்தான். ஆனால் அவர் ஆவலோடு உண்பதைக் கண்டு, உணவு பிடித்திருப்பதில் தனக்கு மகிழ்ச்சி என்கிறானே, அந்தப் பண்பை அவன் தமக்கையிடமா கற்றான்? கைதி பிடிபட்டு, உணவைத் தாமே திருடியதாகச் சொல்லும்போது ஜோவின் பதிலைக் கேளுங்கள்: நீர் என்ன குற்றம் செய்தவரானாலும் பட்டினியால் சாக விடமாட்டோம் என்கிறார். கைதியின் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

பிப்பை ஜோவிடமிருந்து பிரிக்கத் தொடங்குவது ஹாவிஷாம் சீமாட்டியின் மாளிகை. திருமண நாளில் ஏமாற்றப்பட்ட அவர், எஸ்டெல்லா என்ற சிறுமியை ஆண்களின் நெஞ்சை உடைப்பதற்காகவே வளர்க்கிறார். அவள் பேச்சால் பிப் தன் கரடுமுரடான கைகளை எண்ணி வெட்குகிறான். பிறகு ஜோவை எண்ணியே வெட்குகிறான். இந்தச் சீமாட்டி பின்னொரு நாள் எஸ்டெல்லாவிடம் அன்பு வேண்டிக் கெஞ்சுகிறார். தனக்குத் தரப்படாத ஒன்றைத் தன்னால் எப்படித் திருப்பித் தர முடியும் என்று அமைதியாகக் கேட்கிறாள் அவள். நாவலின் உயிர்நிலை இதுவே என்போம்.

கைதி மாக்விச் ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்த்துச் சேர்த்த பணத்தால் பிப் லண்டனில் கனவான் ஆகிறான். கொடுத்தவர் சீமாட்டி என்றே நம்புகிறான். ஜோ பார்க்க வருகிறார் என்றதும், பணம் கொடுத்தாவது தடுக்கலாமா என்று அவன் நினைப்பதை வாசிக்கையில் எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை. மாக்விச்சும் குறையற்றவர் அல்லர். தமக்கென ஒரு கனவானை உருவாக்கியதாகப் பெருமை கொள்கிறார். அவ்வகையில் சீமாட்டியைப் போன்றவரே. ஆனால் திரும்பி வந்தால் தூக்குத் தண்டனை என்று அறிந்தும் பிப்பைக் காண வருகிறார். முதலில் அருவருத்த பிப், முடிவில் நீதிமன்றத்தில் அவர் கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். பணமெல்லாம் போகப்போகிறது என்று அப்போது அவனுக்குத் தெரியும். ஜோ முன்பு அந்தக் கைதிக்குக் காட்டிய இரக்கம் அல்லவா பிப்பின் கை வழியே மீண்டும் வந்தது!

டிக்கன்ஸுக்கு இது வெறும் கற்பனை அன்று. 1824-இல் அவருடைய தந்தை கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் காலணி மெருகு ஆலையில் வேலை செய்தான். தாய் தன்னை மீண்டும் அங்கே அனுப்ப விரும்பியதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. இதை அறிந்தபின் ஜோவைப் படைத்தவரின் ஏக்கம் எங்களுக்கு விளங்கியது.

மாக்விச் இறந்தபின் பிப் கடும் காய்ச்சலில் விழுகிறான். கண் விழிக்கையில் அருகில் ஜோ! ஒரு சுடுசொல் இல்லை. உடல் தேறியதும், ஒரு நாள் விடியுமுன் சிறு குறிப்பு ஒன்றை வைத்துவிட்டுச் சென்றுவிடுகிறார். அதனுடன் இருந்தது பிப்பின் கடன் ரசீது: 123 பவுன் 15 ஷில்லிங் 6 பென்ஸ், முழுதும் செலுத்தப்பட்டது. பதினோர் ஆண்டுகள் கழித்துப் பிப் அந்தக் கொல்லர் வீட்டுக் கதவைத் திறக்கிறான். அடுப்பருகே, அவன் சிறுவயதில் அமர்ந்த அதே முக்காலியில், ஜோவின் மகன் அமர்ந்திருக்கிறான். அவனுக்கும் பிப் என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.