மாட்டுக் காசநோயும் எல்லைச் சோதனைச் சாவடியும்

கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திற்குள் நுழையும் வழிகளில் வேலந்தாவளமும் ஒன்று. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இச்சிற்றூரின் வழியாகக் காய்கறியும் வைக்கோலும் கால்நடைகளும் எல்லையைக் கடக்கின்றன. 2017-ஆம் ஆண்டில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சாவடிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆனால் கால்நடைகளைப் பரிசோதிக்கும் பணி நீங்கவில்லை. வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய இடங்களிலும், இடுக்கி மாவட்டத்தில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகளிலும் இதே பணி நடைபெறுகிறது.

சாவடியில் நிற்கும் வண்டியிலுள்ள மாட்டிடம் காய்ச்சல், வாய்ப்புண், குளம்புப்புண், தோல் கட்டி ஆகியவை உள்ளனவா என்று பார்க்கலாம். காதிலுள்ள அடையாள வில்லையையும் மருத்துவச் சான்றிதழையும் சரிபார்க்கலாம். காசநோயை மட்டும் இவ்வாறு கண்டறிய இயலாது. நோயுற்ற மாடு பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள், கொழுத்த உடலுடன் பால் கறந்துகொண்டிருக்கும். இந்த நோய் எவ்வாறு பரவுகிறது, அதனைத் தடுப்பதற்கு மரபணு ஆய்வு எவ்வகையில் உதவும், தடுப்பின் செலவை யார் ஏற்பது என்பன கால்நடை மருத்துவர்கள் மட்டுமின்றித் திட்டமிடுவோரும் சிந்திக்க வேண்டிய வினாக்களாகும்.

நோயும் கிருமியும்

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் அறிவித்தார். மனிதரைத் தாக்கும் கிருமியும் மாட்டைத் தாக்கும் கிருமியும் வேறானவை என்பதை 1898-இல் அமெரிக்க அறிஞர் தியோபால்ட் ஸ்மித் எடுத்துக்காட்டினார். மாட்டுக் கிருமியால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என 1901-இல் காக் கூறியது தவறென்பதை, 1911-இல் பணியை முடித்த பிரிட்டிஷ் அரச ஆணைக்குழு நிறுவிற்று. பாலைக் காய்ச்சிப் பயன்படுத்தும் வழக்கமும், 72 பாகை வெப்பத்தில் 15 விநாடிகள் சூடாக்கும் பாஸ்டர் முறையும் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்துள்ளன. எனினும் பச்சைப் பால் அருந்துவோர், தொழுவத்தில் மாட்டின் மூச்சுக்காற்றோடு நெருங்கி வாழ்வோர், இறைச்சிக் கூடத்தில் பணிபுரிவோர் ஆகியோருக்கு அது முற்றிலும் நீங்கவில்லை.

2016-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1,47,000 பேர் விலங்குவழிக் காசநோய்க்கு ஆளாயினர் என்றும், 12,500 பேர் உயிரிழந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனமும் அதன் கூட்டமைப்புகளும் 2017-இல் வெளியிட்ட செயல்திட்டம் மதிப்பிட்டது. இந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, நம் நாட்டு மாடுகளில் ஏறத்தாழ 7.3 சதவீதத்திற்கு இந்நோய் இருக்கலாம் எனக் கூறுகிறது. எண்ணிக்கையில் இது சுமார் 2 கோடியே 18 இலட்சம் மாடுகளாகும்.

மரபணு வேறுபாடு கூறுவது யாது?

காசநோய்க் கிருமிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 2003-இல் முழு மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்ட மாட்டுக் கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸில் சுமார் 43 இலட்சம் எழுத்துகள் உள்ளன. மனிதக் கிருமியோடு இது 99.95 சதவீதத்திற்கு மேல் ஒத்தது. எஞ்சிய சிறு வேறுபாடுகளே ஆய்வாளருக்குக் கைரேகைபோல் பயன்படுகின்றன.

இவ்வேறுபாடுகளை மூன்று நிலைகளில் படிக்கலாம். முதலாவது, மரபணுத் தொகுதியின் குறிப்பிட்ட பகுதிகள் அழிந்துள்ளனவா என்று பார்ப்பது. இதனால் கிருமியின் இனம் தெரியும். இரண்டாவது, ஸ்பாலிகோடைப்பிங் என்னும் முறையில் 43 இடைத்துண்டுகளின் இருப்பையும் இன்மையையும் குறித்துக்கொள்வது; இதனால் கிருமியின் குலம் தெரியும். மூன்றாவது, தொகுதி முழுவதையும் வாசிப்பது. இக்கிருமியில் ஓர் எழுத்து மாறுவதற்குச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இரு மாடுகளின் கிருமிகளுக்கிடையே ஓரிரு எழுத்துகளே மாறுபட்டால், தொற்று அண்மையில் ஒரே வழியில் வந்தது என ஊகிக்கலாம். நூற்றுக்கணக்கில் மாறுபட்டால், இரண்டிற்கும் அண்மைத் தொடர்பில்லை எனலாம்.

மாட்டு வணிகத்தின் வரலாற்றையும் இக்கைரேகைகள் காட்டுகின்றன. பிரிட்டனில் மிகுந்துள்ள ஒரு குலம், அதன் முன்னாள் குடியேற்ற நாடுகள் பலவற்றிலும் காணப்படுகிறது. மேற்கு-மத்திய ஆப்பிரிக்காவிற்கு ஒரு குலமும், கிழக்கு ஆப்பிரிக்காவிற்கு மற்றொரு குலமும் உண்டு. கிருமி தானாக நடப்பதில்லை. மாடு நடந்த வழியிலேயே அதுவும் நடந்திருக்கிறது.

வேலூர் தரும் பாடம்

தென்னிந்தியாவிற்கு இதில் ஒரு தனிப்பாடம் உள்ளது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளிடமிருந்து பெறப்பட்ட 940 கிருமி மாதிரிகளை ஆராய்ந்து, 2020-இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. எதிர்பார்க்கப்பட்ட போவிஸ் கிருமி அவற்றில் இல்லை. தடுப்பூசிக்குப் பயன்படும் பி.சி.ஜி. வகை மட்டும் ஐந்து மாதிரிகளில் இருந்தது. மாறாக, ஏழு மாதிரிகளில் ஒரிஜிஸ் என்னும் வேறோர் இனம் காணப்பட்டது. சென்னைப் பகுதியில் ஒரு மாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரிஜிஸ் கிருமியின் மரபணுத் தொகுதி 2019-இலேயே வெளியிடப்பட்டிருந்தது. வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் விலங்குகளிலும் இவ்வினம் அறியப்பட்டுள்ளது.

ஒரு மருத்துவமனையின் மாதிரிகளைக் கொண்டு நாடு முழுமைக்கும் முடிவு கூறலாகாது. ஆயினும் மேலை நாட்டுப் பாடநூலைப் பின்பற்றிப் போவிஸை மட்டும் தேடும் ஆய்வுக்கூடம், உள்ளூர்க் கிருமியைக் காணாமலே ‘நோயில்லை’ என்று சான்றளிக்கக்கூடும். சிகிச்சையிலும் வேறுபாடு உண்டு. பைரசினமைடு என்னும் மருந்துக்குப் போவிஸ் இயல்பாகவே கட்டுப்படாது, ஒரிஜிஸ் கட்டுப்படும். எனவே கிருமியின் இனத்தை அறிவது ஏட்டறிவு மட்டுமன்று.

கலப்பினமும் வணிகமும்

1963-இல் இடுக்கி மலைப்பகுதியிலுள்ள மாட்டுப்பெட்டியில் இந்திய-சுவிஸ் கூட்டுத்திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பயனாய்ச் சுனந்தினி என்னும் கலப்பினம் தோன்றிற்று. கேரளத்தின் பால் உற்பத்தியும் பெருகியது. இன்று அம்மாநில மாடுகளிற் பெரும்பாலானவை கலப்பினத்தவை. எத்தியோப்பிய ஆய்வுகள், அயல்நாட்டு ஹோல்ஸ்டீன் மாடுகள் நாட்டு மாடுகளைவிட இந்நோய்க்கு எளிதில் ஆளாவதைக் காட்டியுள்ளன. கலப்பினத்தைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. உற்பத்தித் திறன் உயரும்போது நோய்க் காப்பிற்கான முதலீடும் உயரவேண்டும் என்பதே பொருள்.

பொள்ளாச்சிச் சந்தையில் பல ஊர் மாடுகள் ஒன்றுகூடுகின்றன. அங்கிருந்து எல்லை கடந்து குழல்மந்தம், வாணியங்குளம் போன்ற சந்தைகளுக்கும் தனித்தனித் தொழுவங்களுக்கும் அவை பிரிந்து செல்கின்றன. ஒரு மாடு சில கைகள் மாறிய பின், அது பிறந்த தொழுவத்தைக் கண்டறிவது கடினம். இத்தகைய இடத்தில்தான் காது வில்லை எண்ணும் கிருமியின் மரபணுக் கைரேகையும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

சோதனையின் பொருளாதாரம்

மாட்டின் கழுத்துத் தோலில் டியூபர்குலின் செலுத்தி, 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்பதே வழக்கமான சோதனை. வண்டியில் நிற்கும் மாட்டை மூன்று நாள் சாவடியில் நிறுத்தி வைப்பதென்றால் தீவனம், இடம், ஆள் ஆகிய யாவும் வேண்டும். எனவே இந்நோயைப் பொறுத்தவரை சோதனை எல்லையில் தொடங்க இயலாது. புறப்படும் தொழுவத்திலேயே தொடங்கவேண்டும்.

அங்குதான் உண்மையான சிக்கல் எழுகிறது. ஒரே கறவை மாட்டை வைத்துப் பிழைக்கும் குடும்பத்திடம் ‘உன் மாட்டிற்கு நோயுள்ளது’ என்று கூறி, ஈடு எதுவும் அளிக்காவிட்டால், அக்குடும்பம் என்ன செய்யும்? பாலைத் தொடர்ந்து விற்கும். அல்லது மாட்டை அடுத்த சந்தைக்கு ஓட்டிவிடும். ஆகவே இழப்பீடற்ற சோதனை நோயைத் தடுப்பதற்கு மாறாக அதனைப் பரப்பவும் கூடும். நன்மை சமுதாயம் முழுமைக்கும், இழப்பு ஒரு குடும்பத்திற்கு மட்டும் என்னும் நிலை நீடிக்கும்வரை சட்டம் ஏட்டளவிலேயே நிற்கும்.

1917-இல் சோதனை-ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிய அமெரிக்காவும், 1997-இல் நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்ட ஆஸ்திரேலியாவும் நோயுற்ற மாடுகளைக் கொன்று நோயைக் கட்டுப்படுத்தின. அமெரிக்கா உரியவர்களுக்கு இழப்பீடும் அளித்தது. நம் நாட்டில் சமய உணர்வும், பல மாநிலங்களின் சட்டங்களும், நிதிநிலையும் அவ்வழியைப் பின்பற்ற இடந்தரவில்லை. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் மாட்டுக் காசநோய் இடம்பெற்றுள்ளது. ஆனால் 2019-இல் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரி, கருச்சிதைவு நோய் ஆகிய இரண்டை முன்னிறுத்தியே வகுக்கப்பட்டது.

செய்யத்தக்கவை

தடுப்பூசி ஒரு மாற்றுவழியாகத் தென்படுகிறது. மனிதருக்கு இடப்படும் பி.சி.ஜி.யே மாட்டுக் கிருமியிலிருந்து கால்மெட், குரான் ஆகிய இரு பிரெஞ்சு அறிஞர்கள் 13 ஆண்டுகள் உழைத்து வலுக்குறைத்து உருவாக்கியதாகும். அதனை மாட்டிற்கும் இட்டால் பரவல் சுமார் 89 சதவீதம் குறைகிறது என எத்தியோப்பியாவில் நடந்து 2024-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஆனால் தடுப்பூசி பெற்ற மாடும் டியூபர்குலின் சோதனையில் நோயுற்றதுபோல் தோன்றும். இரண்டையும் பிரித்தறியும் புதிய சோதனைப் பொருள் பரவலாகக் கிடைத்தாலன்றி இத்திட்டம் முழுப்பயன் தராது.

அதுவரை செய்யத்தக்கவை சில உண்டு. கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகத் தொழுவச் சோதனையைச் சிறிய அளவில் தொடங்கலாம். நோயுற்ற மாட்டைப் பிரித்து வைக்கும் குடும்பத்திற்குப் பால் இழப்பை ஈடுசெய்யும் காப்பீட்டை அமைக்கலாம். இறைச்சிக் கூடங்களில் காணப்படும் நிணநீர்க் கணுக் கட்டிகளை மரபணு ஆய்விற்கு அனுப்பலாம். மனிதக் காசநோய்ப் பிரிவும் கால்நடைத் துறையும் தம் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளலாம். காசநோயுள்ள வீட்டில் மாடும், நோயுள்ள மாட்டின் வீட்டில் மனிதரும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஏனெனில் மனிதரிடமிருந்து மாட்டிற்கும் இந்நோய் செல்வதுண்டு.

வேலந்தாவளத்தைக் கடக்கும் மாடு இரு மாநிலங்களுக்கும் உரியது. அதன் நோயும் அவ்வாறே. விற்கும் மாநிலத்தின் தொழுவத்தில் செய்யப்படும் செலவு, வாங்கும் மாநிலத்தின் குழந்தைகளைக் காக்கிறது. ஆகவே அச்செலவை இரு மாநிலங்களும் மத்திய அரசும் பகிர்ந்துகொள்வது நியாயமும் சிக்கனமும் ஆகும்.