மெதுவா மெல்லுடா, தம்பி!

மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் என் தம்பி ஹனூரில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். மொட்டைமாடிக்குப் போனால் மாம்பழ வாசனை. சீசனே இல்லையே என்று பார்த்தால், பென் டிரைவ் மாதிரி ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு நிற்கிறான். "சிகரெட்டை விட்டுட்டேன்க்கா, வேப்புக்கு மாறிட்டேன்."

விட நினைத்தானே, அதற்காகத் திட்டவில்லை. ஆனால் அந்த மின்சிகரெட் சாமான் கர்நாடகாவில் 2016லேயே தடை. 2019ல் நாடு முழுக்கச் சட்டமே போட்டுவிட்டார்கள். விற்பவர் முதல் தடவை மாட்டினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பெங்களூரில் யாரோ பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்ததில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவனுக்கே தெரியாது.

"இங்கிலாந்துல கவர்ன்மென்ட்டே கொடுக்குது" என்றான். பொய்யில்லை. 2019ல் அங்கே நடந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டைத் தொடவில்லை. நிகோடின் சூயிங்கம், பேட்ச் பக்கம் 9.9 சதவீதம்தான். ஆனால் அப்படி விட்ட வேப்காரர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப்பை விடவில்லை! இன்னொன்று, அங்கே திரவத்தில் எவ்வளவு நிகோடின் இருக்கலாம் என்று அளவு உண்டு, வாராவாரம் பேசி வழிநடத்த ஆளும் இருந்தது. இவனுக்கு இருந்தது மாம்பழ வாசனை மட்டும்தான்.

இங்கே நேர்வழியில் கிடைப்பது மருந்துக் கடை நிகோடின் சூயிங்கம். "அதெல்லாம் பார்த்தாச்சுக்கா, வேலைக்காகாது" என்றான். எப்படி மென்றாய் என்று கேட்டேன். பபிள்கம் மாதிரி சவக்சவக்கென்று மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, துப்பிவிட்டிருக்கிறான். அப்படி மென்றால் யாருக்கும் வரும்.

நாலைந்து தடவை மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் காரமாகச் சுறுசுறுவென்று வந்ததும் நிறுத்தி, பாட்டி வெற்றிலையை அடக்குவாளே, அப்படிக் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். அந்தச் சுறுசுறு அடங்கினால் மறுபடி மெல்லலாம், அடுத்த கன்னத்தில் ஒதுக்கலாம். ஒன்று அரை மணி நேரம் ஓடும். காபி, டீ, ஜூஸ் குடித்து 15 நிமிடம் ஆன பிறகுதான் வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைக்கிற ஆளுக்கு 2 மி.கி. சூயிங்கம் போதாமல் போகலாம். 4 மி.கி. வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இதய நோய் இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான். சுமார் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும்.

சிகரெட் அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். 1800-11-2356. இலவச எண், விட நினைப்பவர்களுக்காகவே அச்சடித்தது. இத்தனை வருடம் அந்த எண்ணைக் கசக்கிக் குப்பையில் போட்டிருக்கிறான்.

எனக்குப் பெரிய எதிரியாகத் தெரிவது டீக்கடைதான். ஒரு கையில் கிளாஸ் இருந்தால் இன்னொரு கை தானாகத் தேடும். முதல் ஒரு வாரம் ரொம்பப் படுத்தும். அந்த வாரம் மட்டும் டீ வீட்டிலேயே. வெளியில் போனால் பையில் கடலை மிட்டாய். ஆசை வந்தால் சில நிமிடம்தான், அதற்குள் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கலாம், இல்லை எனக்கு போன் போடலாம். எரிந்து விழுவான் என்று அவன் பெண்டாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "இப்ப மட்டும் என்னவாம், அண்ணி?" என்றாள்.

போன புதன்கிழமை காலை ஆறரைக்கு போன்.

"அக்கா, விக்கல் வருதுக்கா."

"டீ குடிச்சியா?"

"இல்ல."

"அப்ப மெதுவா மெல்லுடா."