ஒரே கார், இரண்டு விலை

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு, டொயோட்டா ஜிஆர்86 மீது வெகுநாள் ஆசை. பணம் சேர்ந்ததும் போன் செய்தான். “மாமா, பேஸ், பிரீமியம்னு ரெண்டு வேரியன்ட் இருக்கு. வித்தியாசம் 2,600 டாலர். ஸ்போர்ட்ஸ் கார்னு முடிவு பண்ணியாச்சு, டாப் வேரியன்ட்டே எடுத்துடட்டுமா?”

பணம் கூடினால் வண்டியின் ஓட்டமும் கூடும் என்ற எண்ணம் அவனுக்கு மட்டும் உள்ளதல்ல. கார் வாங்கப் போகும் பலர் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஷோரூமுக்குள் நுழைகிறார்கள். அவன் நம்பியிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலையும் விவரங்களும் 2022 மாடலாக இந்தக் கார் அமெரிக்காவில் அறிமுகமானபோது இருந்தவை. மேனுவல் கியருடன் பேஸ் 27,700 டாலர், பிரீமியம் 30,300 டாலர்.

நம்பிக்கை 1: டாப் வேரியன்ட்தான் அதிக வேகம் போகும்.

உண்மை: இரண்டிலும் இருப்பது ஒரே இன்ஜின். சுபாரு தயாரிக்கும் 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பாக்ஸர் இன்ஜின். 7,000 ஆர்பிஎம்மில் 228 குதிரைத்திறன். 3,700 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க். முந்தைய மாடலின் 2 லிட்டர் இன்ஜினில் முழு டார்க் கிடைக்க 6,400 ஆர்பிஎம்வரை விரட்ட வேண்டும். நிஜமான முன்னேற்றம் அங்கேதான் நடந்தது. அது இரண்டு வேரியன்ட்டுக்கும் சமமாகக் கிடைத்தது. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட மேனுவல் காருக்கு 6.1 விநாடி, ஆட்டோமேட்டிக்குக்கு 6.6 விநாடி என்கிறது டொயோட்டா. நேரத்தை மாற்றுவது கியர்பாக்ஸ்தான், வேரியன்ட் அல்ல.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கும் இதே காரின் முன்னோரிடம் பதில் இருக்கிறது. 1983-ல் ஜப்பானில் வந்த ஏஇ86 கொரோலாவில் 1.6 லிட்டர் ட்வின் கேம் இன்ஜின். ஏறக்குறைய அதே உருவத்தில், விலை குறைவாக, 1.5 லிட்டர் சாதாரண இன்ஜினோடு ஏஇ85 என்று ஒன்றும் விற்றது. ‘இனிஷியல் டி’ என்ற புகழ்பெற்ற மாங்கா கதையில் இட்சுகி என்ற இளைஞன், 86 என்று நினைத்து ஏமாந்து 85-ஐ வாங்கிவிடுவான். அந்தக் காலத்தில் ‘கீழ் மாடல் வேண்டாம்’ என்றவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். கார் மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறாமல் நிற்கிறது.

நம்பிக்கை 2: பிரீமியத்தில் சஸ்பென்ஷன் உயர்தரம், வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்.

உண்மை: ஸ்பிரிங், டேம்பர், பிரேக் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் வித்தியாசம் தெரியும் என்பது பொய் அல்ல. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் டயர். பேஸில் 17 அங்குல வீலில் மிஷலின் பிரைமசி ஹெச்பி. பிரீமியத்தில் 18 அங்குல வீலில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4. முதலாவது, சத்தமில்லாமல் நெடுந்தூரம் போகச் செய்தது. இரண்டாவது, சாலையைப் பிடிப்பதற்கென்றே செய்தது.

பிரைமசியைச் செலவு மிச்சம் பிடிக்கும் வேலை என்று மட்டும் பார்ப்பது தவறு.  முந்தைய தலைமுறை 86-லும் இதே ரக டயர்தான். பிடிமானம் அளவோடு இருந்தால், கார் தன் எல்லையை எட்டுவதைச் சாதாரண வேகத்திலேயே கைகளில் உணர முடியும். பின்பக்கம் மெல்ல நழுவுவதையும் ஸ்டீயரிங்கால் அதை மீட்பதையும் உயிரைப் பணயம் வைக்காமல் கற்றுக்கொள்ளலாம். புதிதாக ஓட்டக் கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் அமைவது கடினம்.

பிடிமானம்தான் வேண்டுமென்றால், பேஸின் 17 அங்குல வீலுக்கே நல்ல ஸ்போர்ட்ஸ் டயர்கள் கிடைக்கின்றன. நான்கையும் மாற்றினாலும் அந்த 2,600 டாலரில் பெரும்பகுதி பையில் மிஞ்சும். டயர் தேயும் பொருள். எந்த வேரியன்ட் எடுத்தாலும் சில ஆண்டுகளில் புதிதாக வாங்கத்தான் போகிறோம். தேய்ந்து போகப்போகும் ஒன்றுக்காக டாப் வேரியன்ட் எடுக்க வேண்டாம்.

நம்பிக்கை 3: வீல் பெரிதானால் எல்லாம் நன்மை.

உண்மை: டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இதை நாமே கணக்குப் போடலாம். பேஸில் 215/45. அகலம் 215 மில்லிமீட்டர்; பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது சுமார் 97 மில்லிமீட்டர். பிரீமியத்தில் 215/40. அகலம் அதேதான், பக்கச் சுவர் 86 மில்லிமீட்டர். இரண்டின் மொத்த விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே. வீல் பெரிதான அளவுக்கு ரப்பர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு முகம் உண்டு. சுவர் குட்டையானால் டயர் குறைவாக நெளியும். ஸ்டீயரிங் திருப்பியதும் கார் உடனே கேட்கும். அதே சமயம், பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்க ரப்பர் குறைவு. வீலின் விளிம்பு அடிவாங்கும். பனியிலும் வெயிலிலும் மாறி மாறி வெடிக்கும் மிச்சிகன் சாலைகளில் பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை.

நம்பிக்கை 4: பேஸில் சாதாரண டயர் இருப்பதால் குளிர்காலத்துக்கு அதுவே போதும்.

உண்மை: இது ஆபத்தான நம்பிக்கை. பிரைமசி ஹெச்பியும் கோடைக்கால டயர்தான். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்து, பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். பனியில் பின்சக்கர இயக்கம் கொண்ட காரை அதோடு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. எந்த வேரியன்ட்டானாலும் பனிப் பிரதேசத்தில் குளிர்கால டயர் கட்டாயம். கார் விலையைப் பேசும்போதே அந்தச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

நம்பிக்கை 5: ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்தக் காரிலும் பேஸே போதும்.

உண்மை: ஜிஆர்86-ல் இது பொருந்துவதற்கு முக்கியக் காரணம், சக்கரம் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலான டோர்சன் எல்எஸ்டி இரண்டு வேரியன்ட்டிலும் இருப்பது. வளைவில் முடுக்கும்போது உள்பக்கப் பின்சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைந்து, அது வழுக்கத் தொடங்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம் வெறுமனே சுழலும். டோர்சனில் உள்ள பற்சக்கரங்கள், பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையைக் கூடுதலாக அனுப்பும்.

இதே விதியை மாஸ்டா எம்எக்ஸ்-5-க்குக் கொண்டுபோனால் ஏமாந்து போவோம். அமெரிக்காவில் அதன் ஸ்போர்ட் வேரியன்ட்டில் எல்எஸ்டி கிடையாது. கிளப் வேரியன்ட்டை மேனுவல் கியருடன் எடுத்தால் எல்எஸ்டியும் பில்ஸ்டைன் டேம்பரும் சேர்ந்து வரும். அங்கே மேல் வேரியன்ட்டுக்குக் கொடுக்கும் பணம் காரின் எலும்புக்கே போகிறது. போர்ஷே 911-ல் இன்ஜினின் திறனே மாறும்: 2020 மாடலில் கரேரா 379 குதிரைத்திறன், கரேரா எஸ் 443 குதிரைத்திறன். ஆகவே வேரியன்ட்டின் பெயரை விட்டுவிட்டு, பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்.

நம்பிக்கை 6: மிச்சமெல்லாம் வெறும் அலங்காரம்.

உண்மை: பிரீமியத்தில் கூடுதலாக வருபவற்றில் அலங்காரம் உண்டுதான். பின்னால் வாத்து வால்போல் தூக்கிய ஸ்பாய்லர், ஆறுக்குப் பதில் எட்டு ஸ்பீக்கர், சூடேறும் சீட், அதற்கு லெதர் உறை. ஆனால் அதே பட்டியலில், ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும் ஹெட்லைட்டும், கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டு வண்டியை எச்சரிக்கும் பிளைண்ட் ஸ்பாட் வசதியும் இருக்கின்றன. தாழ்ந்த கூரையும் சிறிய பின்ஜன்னலும் உள்ள காரில், லாரிகள் நிறைந்த நெடுஞ்சாலையில் லேன் மாறுபவருக்கு இவை ஆடம்பரம் அல்ல. டயரைப்போல் இவற்றைப் பின்னால் வாங்கி மாட்டுவதும் எளிதல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். தானாகப் பிரேக் போடும் ஐசைட் வசதி, அறிமுகமான 2022-ல் வேரியன்ட்டைப் பொறுத்து வரவில்லை. ஆட்டோமேட்டிக் கியருக்கு மட்டுமே வந்தது. மேனுவலுக்கு 2024 மாடலில்தான் கிடைத்தது.

என் அக்கா மகனிடம் நான் கேட்டது ஒன்றுதான். “நாளைக்கு நீயே மாத்திக்க முடிஞ்சது எது, முடியாதது எது?” டயர், வீல், ஸ்பீக்கர் எல்லாம் முதல் பக்கம். ஹெட்லைட், எச்சரிக்கை சென்சார் எல்லாம் இரண்டாம் பக்கம். பேப்பரில் கோடு போட்டு எழுதச் சொன்னேன். வார இறுதியில் டிராக்கில் ஓட்ட மட்டும் வாங்குபவர் இதே கணக்கைப் போட்டால், பேஸை எடுத்து, மிச்சப் பணத்தை டயருக்கும் பயிற்சிக்கும் செலவழிப்பதே சரி. எந்த வேரியன்ட் வாங்கினாலும் நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷனில் ஓராண்டு உறுப்பினர் சலுகையும், இலவசமாக ஒரு டிராக் பயிற்சியும் உண்டு. அதைத் தவறவிடாதீர்கள்.

அவன் கடைசியில் பிரீமியம்தான் எடுத்தான். குளிர்காலத்தில் விடியும் முன்பே கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்புபவன் அவன். அந்த ஹெட்லைட்டுக்கும் சென்சாருக்கும்தான் காசு கொடுத்தான். நவம்பரில் ஒரு படம் அனுப்பினான். பேஸ் கார் வைத்திருந்த ஒருவர் கழற்றி விற்ற 17 அங்குல வீல்களை வாங்கி, குளிர்கால டயரோடு தன் பிரீமியம் காருக்கு மாட்டியிருந்தான். பிரேக் ஒன்றே என்பதால் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.