கண்ணால் கேட்பதும் காதால் கேட்பதும்
ஒலிப் பாடத்தில் ஒரு குருட்டுச் சோதனை

ஒன்பதாம் வகுப்பில் 'ஒலி' பாடம் நடத்தும்போது மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பல, பாடநூலிலிருந்து வருவதில்லை, விளம்பரங்களிலிருந்து வருகின்றன. "சார், இந்த இயர்போன்ல 40,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்குமாம், வாங்கலாமா?" "பின்னுல தங்க முலாம் பூசியிருந்தா பாட்டு தெளிவா இருக்குமா சார்?" மனிதச் செவி உணரும் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று பாடத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். நான் இந்தக் கேள்விகளையே மூன்று பாடவேளைகளுக்கான செயல்பாடாக மாற்றிக்கொண்டேன். ஒலி, மின்னோட்டவியல், நிகழ்தகவு ஆகிய மூன்றும் இதில் ஒன்றுசேர்கின்றன.

மூன்று கூற்றுகள்

அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் 'ஆடியோஃபைல்' எனப்படும் ஒலி ரசிகர்கள் ஏராளம். வீட்டில் இசையை மிகத் துல்லியமாகக் கேட்பதற்காக நேரத்தையும் பணத்தையும் செலவிடுபவர்கள் இவர்கள். நல்ல ஸ்பீக்கர் எது, அதை அறையில் எங்கே வைப்பது என்பதில் இவர்களுக்கு உண்மையான அறிவு உண்டு. ஆனால் அந்த ஆர்வத்தின் நிழலில் ஐயத்துக்குரிய பல கூற்றுகளும் விற்கப்படுகின்றன. வகுப்பில் நான் எடுத்துக்கொள்வது மூன்று.

முதலாவது, பச்சை மை. குறுந்தகட்டின் விளிம்பில் பச்சை மை தீட்டினால் இசை மெருகேறும் என்ற நம்பிக்கை 1990 வாக்கில் பரவியது. சிதறும் ஒளியை மை உறிஞ்சிவிடும் என்பது விளக்கம். குறுந்தகட்டைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர்; அது அகச்சிவப்பு. தவிர, தகட்டில் இருப்பவை எண்கள். படிக்கும்போது நேரும் சிறு பிழைகளைத் திருத்துவதற்கான குறியீடும் அதிலேயே இருக்கிறது. எண்கள் சரியாகப் படிக்கப்பட்டுவிட்டால் மைக்கு அங்கே வேலையில்லை. புத்தகத்தின் ஓரத்தில் பச்சை தீட்டினால் உள்ளே இருக்கும் கதை மாறாது என்று சொன்னால் ஆறாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கும்.

இரண்டாவது, விலை உயர்ந்த ஸ்பீக்கர் கம்பி. இதற்குக் கரும்பலகையிலேயே கணக்குப் போடலாம். 3 மீட்டர் தூரத்துக்குப் போக வர 6 மீட்டர் தாமிரக் கம்பி. குறுக்குவெட்டுப் பரப்பு 2.5 சதுர மி.மீ. தாமிரத்தின் மின்தடை எண் ஏறத்தாழ 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். மின்தடை 0.04 ஓம் என வரும். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் கம்பியின் பங்கு அதில் 0.5 சதவீதம். ஒலி அளவில் ஏற்படும் குறைவு சுமார் 0.04 டெசிபல், செவிக்கு எட்டாத அளவு. வெள்ளிக் கம்பி போட்டால் மின்தடை 0.038 ஓம் ஆகும். மிச்சம் 0.002 ஓம். ஆனால் 0.2 சதுர மி.மீ. பரப்புள்ள மெல்லிய கம்பியை 10 மீட்டர் தூரத்துக்கு இழுத்தால் மின்தடை 1.7 ஓம் வரும். அப்போது வேறுபாடு உண்மையிலேயே கேட்கலாம். ஆகவே கம்பி முக்கியமா என்ற கேள்விக்கு, எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்று திருப்பிக் கேட்பதே அறிவியல்.

சில கம்பிகளில் மின்னோட்டம் இந்தத் திசையில்தான் போக வேண்டும் என்று அம்புக்குறியும் இருக்கும். ஸ்பீக்கருக்குச் செல்வது மாறுதிசை மின்னோட்டம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது நொடிக்கு 2,000 முறை திசை மாறுகிறது. அம்புக்குறி எந்தத் திசையைக் காட்டுகிறது என்று மாணவர்களிடம் கேளுங்கள். பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது கூற்று கொஞ்சம் நுட்பமானது. குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகளில் ஒலியைப் பதிகிறது. 1,92,000 மாதிரிகள் எடுத்தால் இசை இன்னும் 'வழவழப்பாக' இருக்கும் என்கிறார்கள். படிக்கட்டு போன்ற ஒரு படத்தைக் காட்டி, படிகள் சிறியதானால் வளைவு சீராகும் என்பது வாதம். ஆனால் ஓர் ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைவிட இருமடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால், அந்த மாதிரிகளிலிருந்து மூல அலையையே முழுமையாக மீட்கலாம். கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் நிறுவல் உள்ளது. 44,100-இல் பாதி 22,050. நம் செவியின் எல்லை அதற்குள் அடங்கிவிடுகிறது. கூடுதல் மாதிரிகள் தருவது வௌவாலுக்குக் கேட்கும் மீயொலிப் பகுதியை.

2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் நடத்திய சோதனையில், உயர்திறன் பதிவும் அதே பதிவைக் குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கிய வடிவமும் ஒப்பிடப்பட்டன. 554 முயற்சிகளில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய இதுவேதான் வரும். 2016-இல் ஜோஷுவா ரீஸ் என்பவர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் என்ற சிறு வேறுபாடு தெரிந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடியது. இதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன். நமக்குச் சாதகமான ஆய்வை மட்டும் காட்டினால் நாமும் விளம்பரதாரர் ஆகிவிடுவோம்.

கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா?

இந்த இடத்தில் மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. வேறுபாடு கேட்டதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் உண்மையாகவே அதை உணர்கிறார்கள். நம் மூளை காதை மட்டும் நம்பிக் கேட்பதில்லை. 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்டு இருவரும் வெளியிட்ட ஆய்வில், 'ப' ஒலியோடு 'க' உச்சரிக்கும் உதடுகளைக் காட்டியபோது பலருக்கும் 'ட' போன்ற மூன்றாவது ஒலி கேட்டது. 1994-இல் டூல், ஆலிவ் இருவரும், ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோதும் மக்கள் தந்த மதிப்பெண்கள் மாறியதைக் காட்டினார்கள். பார்க்கும்போது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்குச் சாதகம் கிடைத்தது.

இன்னொரு காரணம் உரப்பு. இரண்டில் ஒன்று ஒரு துளி உரக்க ஒலித்தாலும், அதை 'உரப்பு' என்று நாம் உணர்வதில்லை. 'தெளிவு' என்றே உணர்கிறோம். ஒலி அளவைச் சமப்படுத்தாத ஒப்பீடு எதற்கும் மதிப்பில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

முதல் பாடவேளை: ஒரே பாடலை ஒரே ஸ்பீக்கரில் இரண்டு முறை ஒலிக்கச் செய்யுங்கள். முதலாவது சாதாரணப் பதிவு, இரண்டாவது உயர்தரப் பதிவு என்று சொல்லுங்கள். கலந்து பேசும் முன் ஒவ்வொருவரும் வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். என் வகுப்பில் "வயலின் தனியா கேட்டுச்சு", "குரல் பக்கத்துல வந்துச்சு" என்றெல்லாம் எழுதினார்கள். இரண்டும் ஒரே பதிவு என்ற உண்மையை அதே பாடவேளையிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் அப்படித்தான் கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் பாடவேளை: இப்போது உண்மையிலேயே வேறுபட்ட இரண்டு கோப்புகள். ஒரு பாடலின் நல்ல பதிவும், அதையே மிகவும் சுருக்கிய கோப்பும். கைப்பேசிச் செயலியால் ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். முதலில் இரண்டையும் பெயர் சொல்லி ஒலிக்கச் செய்து பழக்குங்கள். பிறகு ஒரு மாணவர் திரைக்குப் பின்னால் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் முதல் கோப்பு, பூ விழுந்தால் இரண்டாவது என 10 முறை ஒலிக்கச் செய்து வரிசையைக் குறித்துக்கொள்வார். வகுப்பு விடையை எழுதும்.

எந்தக் கோப்பு ஒலிக்கிறது என்பது ஆசிரியருக்கும் தெரியக் கூடாது. ஏன் என்று கேட்பார்கள். ஜெர்மனியில் 'ஹான்ஸ்' என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்றிருந்தது. கேள்வி கேட்பவரின் முகத்திலும் உடலிலும் தெரிந்த சிறு அசைவைப் பார்த்தே அது குளம்படியை நிறுத்தியது என்று ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் காட்டினார். குதிரைக்கே தெரிந்த நம் முகக்குறிப்பு மாணவர்களுக்குத் தெரியாதா?

மூன்றாம் பாடவேளை: கணக்கு. 10 முறை ஊகிப்பதில் 1,024 வழிகள். 9 அல்லது அதற்கு மேல் சரியாக வர 11 வழிகள். ஏறத்தாழ 1 சதவீதம். 8 அல்லது அதற்கு மேல் என்றால் 56 வழிகள், 5.5 சதவீதம். 40 பேர் உள்ள வகுப்பில் வெறும் ஊகத்திலேயே இரண்டு பேர் 8 எடுத்துவிடுவார்கள் என்று இதற்குப் பொருள். அந்த இருவரை மட்டும் மேடையேற்றினால் அது விளம்பரம். அவர்களை மறுபடி சோதித்தால் அது அறிவியல்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி 9 எடுத்தாள். மறுபடி சோதித்தோம், மீண்டும் 9. எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "ஜால்ரா சத்தம் மட்டும் ஒண்ணுல தேஞ்சு போய்க் கேக்குது சார்" என்றாள். அவள் சொன்னது சரி. மிகவும் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இத்தகைய உயர் அதிர்வெண் ஒலிகள்தாம். அடுத்த சுற்றில் ஜால்ராவை மட்டும் கவனித்த வேறு சிலருக்கும் அது பிடிபட்டது. இந்தச் சோதனை யாரையும் மட்டம் தட்டுவதற்கானதல்ல. உண்மையான வேறுபாடு இருந்தால் அது தன்னைக் காட்டிக்கொள்ள வாய்ப்புத் தருவது என்பதை மாணவர்கள் அன்று புரிந்துகொண்டார்கள்.

அமெரிக்க மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி 2007-இல் விடுத்த சவாலை இங்கே சொல்லலாம். 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் கம்பியைப் பார்க்காமல் கேட்டே பிரித்தறிபவருக்கு 10 லட்சம் டாலர் என்றார். இருதரப்பும் ஒப்புக்கொண்ட சோதனை நடக்கவே இல்லை. பரிசும் யாருக்கும் போகவில்லை.

காதுக்கு உண்மையில் கேடு எது?

நம் மாணவர்கள் யாரும் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கம்பி வாங்கப் போவதில்லை. ஆனால் 300 ரூபாய் இயர்போன் போதும் என்ற வீட்டில், 3,000 ரூபாய் இயர்போனுக்கு அடம்பிடிப்பார்கள். அதைவிட முக்கியமானது, தரம் பற்றிய பேச்சில் ஒலி அளவு மறந்துபோவது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என எல்லை வகுத்துள்ளது. 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். பெரியவர்களுக்கே 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். உட்செவியின் மயிரிழைச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பேருந்து இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டும் மாணவருக்கு நாம் சொல்ல வேண்டியது இதுவே.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் இதையே எலுமிச்சைச் சாறு கொண்டு செய்யலாம். ஒரே சாற்றை இரண்டு குவளைகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உணவு நிறமி ஒரு சொட்டு விடுங்கள். எது இனிப்பு என்று முதலில் பார்த்துக் குடித்தும், பிறகு கண்ணை மூடிக் குடித்தும் சொல்லட்டும். இரண்டு விடைகளையும் பட்டியலிடச் செய்யுங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் இயர்போனால் மனிதருக்குப் பயன் உண்டா? காரணம் தருக.
2. 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பியைப் போக வர இழுத்தால் மின்தடை எவ்வளவு?
3. 10-க்கு 7 சரியாகச் சொன்னவர் உண்மையில் வேறுபாட்டை உணர்ந்தார் எனலாமா?
4. நீங்கள் பார்த்த விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் கூற்றைச் சோதிக்க, யாருக்கு எதை மறைக்க வேண்டும், எதைச் சமப்படுத்த வேண்டும், எத்தனை முறை செய்ய வேண்டும் என எழுதுக.

நான்காம் வினாவுக்கு வரும் விடைகளைத் தனியே தொகுத்து வையுங்கள். என் வகுப்பில் பற்பசை, முகப்பூச்சு, ஞாபகசக்தி மாவு என்று விடைகள் ஒலிப் பாடத்தைத் தாண்டிப் போயிருந்தன. அடுத்த பருவத்துக்கான செயல்திட்டங்களை அவற்றிலிருந்தே தேர்ந்தெடுத்தோம்.