பேட்டரி ஏன் சோர்ந்து போகிறது?

கைப்பேசி வாங்கிய புதிதில் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள் முழுதும் தாங்கும். இரண்டு மூன்று ஆண்டு போனால் சாயங்காலத்துக்குள் அணைந்துவிடும். பேட்டரி அதேதான். ஆனால் அது கொள்ளும் மின்சாரம் குறைந்துவிட்டது. எங்கே போனது?

பேட்டரிக்குள் இரண்டு பக்கங்கள் உண்டு. நடுவில் ஒரு திரவமும் மெல்லிய தடுப்பும் இருக்கும். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகிறது. நாம் பேசும்போது திரும்பி வருகிறது. போன லித்தியம் எல்லாம் திரும்பி வந்தால் பேட்டரி சோராது. வராதபோதுதான் சோர்வு.

லேசான உலோகம்

உலோகங்களிலேயே மிக லேசானது லித்தியம். எடையில் தண்ணீரில் பாதிதான். கத்தியால் நறுக்கலாம். கைப்பேசி பேட்டரியில் ஒரு பக்கம் லித்தியத்தைத் தாங்கி வைத்திருப்பது பென்சில் கரி வகை. கரிக்குப் பதில் லித்தியம் உலோகத்தையே வைத்தால், அதே எடைக்கு அந்தப் பக்கம் சுமார் 10 மடங்கு கொள்ளும். மின்சார வண்டி ஒரே சார்ஜில் வெகுதூரம் ஓடும். அதனால்தான் விஞ்ஞானிகளுக்கு இதன்மேல் இவ்வளவு ஆசை.

தீயணைப்புப் படை வந்த கதை

1970-களில் அமெரிக்காவில் எக்சான் என்னும் எண்ணெய் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்ற விஞ்ஞானி லித்தியம் உலோக பேட்டரி செய்தார். அது பலமுறை தீப்பிடித்தது. தீயணைப்புப் படையினர் அலுத்துப்போனார்கள். லித்தியம் தீயை அணைக்கத் தனி மருந்து வேண்டும். இனி அதன் விலையை ஆய்வுக்கூடமே தர வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்கள்.

1980-இல் ஜான் குடினஃப் மறு பக்கத்துக்கு நல்ல பொருளைக் கண்டார். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ உலோகத்தை விட்டுவிட்டுக் கரி வகையை வைத்தார். ஆபத்து குறைந்தது. 1991-இல் அந்த பேட்டரி விற்பனைக்கு வந்தது. மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உலோகம் செய்யும் குறும்பு

சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் உலோகத்தின்மேல் படிய வேண்டும். சாணம் மெழுகியது போலச் சமமாகப் படிந்தால் நல்லது. ஆனால் அது பாசி போலவும் முள் போலவும் முளைக்கிறது. முள் நீண்டு தடுப்பைக் குத்தினால் இரு பக்கமும் தொட்டுக்கொள்ளும். சூடேறித் தீப்பிடிக்கும்.

இன்னொரு கேடும் உண்டு. திரவம் பட்டதும் லித்தியத்தின்மேல் ஒரு தோல் படர்கிறது. மின்சாரம் எடுக்கும்போது முள்ளின் அடி முதலில் கரைந்தால் நுனி ஒடிந்து தனியே நிற்கும். தோலுக்குள் மாட்டிக்கொண்ட அந்தத் துண்டு பயன்படாது. இதைச் 'செத்த லித்தியம்' என்கிறார்கள்.

சிந்தும் கணக்கு

குதிரில் நெல்லைக் கொட்டுகிறோம், அள்ளுகிறோம். ஒவ்வொரு முறையும் 100-க்கு 1 படி சிந்துகிறது. இது சின்ன நஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் 70 முறை ஆனால் ஏறக்குறைய பாதி நெல்தான் மிஞ்சும். 1000-க்கு 1 படி மட்டும் சிந்தினால் பாதியாவதற்கு 700 முறை ஆகும். பேட்டரிக்கும் இதே கணக்குதான். சிந்துவதைத் தடுப்பதே விஞ்ஞானிகளின் வேலை.

என்ன வழி?

1. திரவத்தின் சேர்மானத்தை மாற்றுவது. நல்ல, உறுதியான தோல் படரும்.
2. பேட்டரியை வெளியிலிருந்து அழுத்தி வைப்பது. லித்தியம் நெருக்கமாகப் படியும்.
3. திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைப்பது. பாரிஸ் நகரில் 2011 முதல் 2018 வரை ஓடிய ஆட்டோலிப் வாடகைக் கார்களில் இந்த வகை பேட்டரி இருந்தது.
4. ஓய்வு கொடுப்பது.

நான்காவது வழி வியப்பானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2024-இல் இதை வெளியிட்டார்கள். லித்தியம் உலோக பேட்டரியை முழுதும் இறக்கிவிட்டுச் சில மணி நேரம் சும்மா வைத்தார்கள். செத்த துண்டுகளைச் சுற்றியிருந்த தோல் கொஞ்சம் கரைந்தது. மறுபடி சார்ஜ் ஏற்றியபோது சில துண்டுகள் ஒட்டிக்கொண்டு உயிர் பெற்றன. குறைந்த கொள்ளளவில் ஒரு பகுதி திரும்பியது. புதுப் பொருளும் வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம்.

நாம் கவனிக்க வேண்டியவை

• ஓய்வு முறை லித்தியம் உலோக பேட்டரிக்கு உரியது. கைப்பேசி பேட்டரி வேறு வகை. அதை முழுதும் இறக்கி வைப்பது கெடுதல்.
• பேட்டரி உப்பினால் பயன்படுத்தாதீர்கள். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள்.
• அடுப்பருகிலும் வெயிலிலும் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள்.
• வட்டமான லித்தியம் பொத்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.
• பழைய பேட்டரியைக் குப்பையிலோ நெருப்பிலோ போடாதீர்கள். 2022-இல் வந்த இந்திய விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. அதைத் தனியாகச் சேர்த்து வைத்துச் சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

புதிய சொற்கள்: கொள்ளளவு, உலோகம், தடுப்பு, திடப்பொருள்

பேசிப் பாருங்கள்

1. 'செத்த லித்தியம்' எப்படி உண்டாகிறது?
2. கரி வகையை வைத்ததால் என்ன நன்மை? என்ன குறை?
3. உங்கள் வீட்டில் உள்ள பேட்டரிகளை எண்ணுங்கள். பழையவற்றை இதுவரை எங்கே போட்டீர்கள்? இனி என்ன செய்வீர்கள்?