குழந்தைக்கும் கல் அடைக்கும்

நம்பிக்கை: கல் அடைப்பு பெரியவர்களின் நோய். குழந்தை ஒன்றுக்குப் போகும்போது அழுதால் அது சூடு. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தால் போதும்.

உண்மை: கைக்குழந்தைக்கும் கல் வரும். 2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவு சுமார் 3 லட்சம் குழந்தைகளைப் பாதித்தது; பலருக்குச் சிறுநீரகத்தில் கல் சேர்ந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு விலாவில் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், வாந்தி எடுக்கும், சிறுநீர் சிவந்து போகும், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். அதில் கதிர்வீச்சு இல்லை. அதில் தெளிவாகாவிட்டால்தான் சி.டி.

நம்பிக்கை: வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைத்துவிடும்.

உண்மை: குழந்தைகளுக்கு அதிகம் வருவது கால்சியம் கல். அது எந்தச் சாற்றிலும் கரையாது. சிறிய கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறும், பெயர் சாற்றுக்குப் போய்விடும். வாழைத்தண்டைக் கூட்டாகச் சாப்பிடட்டும், தடையில்லை. ஆனால் கல்லோடு காய்ச்சலும் வந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. அடைப்புக்குப் பின்னால் தேங்கும் சீழ் உயிருக்கே ஆபத்து.

நம்பிக்கை: பாலை நிறுத்த வேண்டும்.

உண்மை: நிறுத்தாதீர்கள். உணவிலுள்ள கால்சியம், கல்லை உண்டாக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. வளரும் எலும்புக்கும் அது வேண்டும். குறைக்க வேண்டியது உப்பை: அப்பளம், ஊறுகாய், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

நம்பிக்கை: கல்லை எடுத்தாயிற்று, பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். அதிர்வலையால் உடைத்தாலும் உள்நோக்கிக் கருவியால் எடுத்தாலும், காரணம் உள்ளேயே இருந்தால் கல் மறுபடி வளரும். குழந்தைக்குக் கல் என்றால் வளர்சிதைமாற்றக் கோளாறையோ சிறுநீர்ப்பாதையின் பிறவிக் குறையையோ தேடியே ஆக வேண்டும். சிஸ்டின் கல், பிறவி ஆக்சலேட் நோய் போன்றவை பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணு வழியே வருபவை. சொந்தத்தில் திருமணம் நடக்கும் நம் குடும்பங்களில் கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிப்பது நல்லது. காரணத்தைக் கண்டறிய 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கொடுங்கள். பிள்ளை சிறுநீர் கழிக்கும்போது சல்லடைத் துணியில் வடிகட்டுங்கள். சிக்கும் மணல் அளவுத் துணுக்கையும் எறியாமல் சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் போதாவிட்டாலும் கல் சேரும். கழிப்பறைக்குப் பயந்தே நம் பெண் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருங்கள். பாட வேளையில் கேட்டாலும் போக விடுங்கள்.